சுகர் மீட்டர் வாங்குமுன்: டர்பன் வீடுகளுக்கு எது பொருந்தும்?

"அம்மாவுக்குச் சுகர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எந்த மீட்டர் வாங்கலாம்?" டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எந்தப் பக்கமிருந்து கேட்டாலும் கேள்வி இப்படித்தான் வருகிறது. கேட்பவர் கையில் ஏற்கெனவே நான்கு யோசனைகள் இருக்கும். பக்கத்து ஃபார்மசியில் தள்ளுபடியில் இருக்கும் மீட்டர், மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்புத் திட்டம் கொடுக்கும் மீட்டர், சென்னையிலிருந்து அத்தை வாங்கிவரும் மீட்டர், கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார். நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, வீட்டில் யாரும் முடிவெடுக்காமல் மாதங்கள் ஓடிவிடும்.

அப்படி ஓடவிடக் கூடாத நோய் இது. தென்னாப்பிரிக்காவின் 2016ஆம் ஆண்டு இறப்புக் கணக்கில் காசநோய்க்கு அடுத்த இடத்தில் இருந்தது நீரிழிவு. நம் குடும்பங்களில் சுகர் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிடலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீட்டரைப் பார்த்து மீட்டர் வாங்காதீர்கள். யாருக்கு, எதற்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்தது ஸ்ட்ரிப், அதாவது ரத்தச் சொட்டைத் தொட்டு மீட்டரில் செருகும் பட்டை. மீட்டர் கடைசியில்தான்.

எதை வைத்து எடை போடுவது?

காட்டும் எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் முதல் அளவுகோல். இன்சுலின் போடுபவருக்கு அந்த எண் அன்றாடம் வேண்டும். டாக்டர் சொல்லிக்கொடுத்த முறைப்படி டோஸைப் பார்க்க, என்2 சாலையில் வண்டி எடுக்குமுன் பார்க்க, இரவு படுக்குமுன் பார்க்க. கிளிக்லசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுங்கி வியர்க்கும்போது மீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து, நிலைமை சீராக இருப்பவர் தினமும் விரலைக் குத்திக்கொள்வதில் பெரிய பலன் இல்லை. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கொருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையே அவருக்கு முதன்மை. வாரத்தில் சில தடவை, ஒரு சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் எந்த உணவு ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது ஸ்ட்ரிப். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்னது மாதிரி இருக்கும். ஒரு ஸ்ட்ரிப் 6 ரேண்ட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 4,380 ரேண்ட். அதே ஸ்ட்ரிப் 9 ரேண்ட் என்றால் 6,570. பெட்டியோடு மீட்டர் சும்மா கிடைத்தாலும் இந்த 2,190 ரேண்ட் வித்தியாசம் ஆண்டுதோறும் தொடரும். அதனால் கடையில் மீட்டர் விலையைக் கேட்பதற்கு முன் 50 ஸ்ட்ரிப் அடங்கிய டப்பாவின் விலையைக் கேட்டு, 50ஆல் வகுத்துப் பாருங்கள்.

டப்பாவைத் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் கேளுங்கள். சில வகை, டப்பாவில் அச்சிட்ட தேதி வரை செல்லும். சில வகையைத் திறந்த மூன்று மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை மட்டும் பார்ப்பவருக்கு 50 ஸ்ட்ரிப் ஏறக்குறைய நான்கு மாதம் வரும். மூன்று மாதம்தான் தாங்கும் என்றால் பத்துக்கு மேல் வீண். குறைவாகப் பார்ப்பவர் ஒவ்வொன்றாக ஃபாயில் உறையில் வரும் ஸ்ட்ரிப்பைப் பற்றி யோசிக்கலாம். விலை கூடினாலும், பிரிக்காதவை அச்சிட்ட தேதி வரை கெட்டுப்போகாது.

மூன்றாவது அலகு. தென்னாப்பிரிக்காவில் ஆய்வகமும் டாக்டரும் மில்லிமோல் (லிட்டருக்கு) கணக்கில் பேசுவார்கள். இந்தியாவில் மில்லிகிராம் (டெசிலிட்டருக்கு). மில்லிகிராம் எண்ணை 18ஆல் வகுத்தால் மில்லிமோல். 70 என்பது 3.9, 126 என்பது 7.0, 180 என்பது 10.0.

நான்காவது, பயன்படுத்துபவரின் கண்ணும் கையும். எண்ணைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா, நடுங்கும் விரலால் ஸ்ட்ரிப்பைச் செருக முடிகிறதா என்று கடையிலேயே செய்துபார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாவது துல்லியம். பெட்டியில் ஐஎஸ்ஓ 15197:2013 என்று போட்டிருக்க வேண்டும். சர்க்கரை 5.55க்கு மேல் இருக்கும்போது நூற்றுக்கு 95 அளவீடுகள் ஆய்வக எண்ணிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழே 0.83 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரம். அதாவது ஒரே நேரத்தில் இரண்டு தடவை பார்த்து 8.1, 8.8 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆறாவது நம் ஊருக்கே உரியது: டர்பன் புழுக்கம். ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு என்சைம். ஈரக்காற்றும் சூடும் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிதான் மேல் எல்லை. ஜனவரி, பிப்ரவரியில் காருக்குள் வைத்த டப்பாவும், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் மூடி சரியாக மூடாமல் இருக்கும் டப்பாவும் தவறான எண்ணைக் காட்டும். தவறு என்று சொல்லவும் சொல்லாது. ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். படுக்கையறை அலமாரி போதும்.

ஃபார்மசியில் வாங்கும் மீட்டர்

அக்யூ-செக், கான்டூர், ஒன்டச் போன்ற பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. இந்த வகையின் பெரிய பலம், கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற ஃபார்மசிக் கடைகளில் ஏதாவது ஒன்று பக்கத்திலேயே இருக்கும் என்பது. சனிக்கிழமை மாலை ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டாலும் போய் வாங்கிவிடலாம். மில்லிமோலில் காட்டும். கோளாறு என்றால் மாற்றிக் கேட்கலாம்.

இப்போது வரும் பெரும்பாலான மீட்டர்களில் ஸ்ட்ரிப் டப்பாவின் குறியீட்டு எண்ணை (code) போட வேண்டியதில்லை. பழைய மாடல் ஒன்று மலிவாகக் கிடைத்தால் இதைக் கவனியுங்கள். புது டப்பாவுக்கு அந்தக் குறியீட்டை மாற்ற மறந்தால் காட்டும் சர்க்கரை எண்ணே மாறிவிடும். கை நடுங்கும் முதியவருக்கு ஒரு வசதி முக்கியம்: கான்டூர் பிளஸ் வகையில் முதல் சொட்டு போதாவிட்டால் அரை நிமிடத்துக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் ரத்தம் தொடலாம். மற்ற பலவற்றில் அந்த ஸ்ட்ரிப் போனதுதான். மாதத்தில் ஆறேழு ஸ்ட்ரிப் இப்படி வீணானால் மலிவான ஸ்ட்ரிப்பின் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள்: விரலைக் குத்தும் லான்செட் ஊசி, பேட்டரி, ரத்தத்துக்குப் பதிலாக ஸ்ட்ரிப்பில் தொட்டுப் பார்க்கும் சோதனைத் திரவம் (control solution). இந்தத் திரவத்தைப் பலரும் வாங்குவதே இல்லை. ஸ்ட்ரிப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேறு நேரடி வழி வீட்டில் கிடையாது. பேட்டரி பெரும்பாலும் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பேட்டரியை மேசைமேல் வைத்துவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

மெடிக்கல் எய்ட் மூலம் வரும் மீட்டர்

மெடிக்கல் எய்ட் இருந்தும் ஸ்ட்ரிப்புக்குக் கைக்காசு கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின்கீழ், எல்லாத் திட்டங்களும் கட்டாயம் கவனிக்க வேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. முதல் வகை (டைப் 1), இரண்டாம் வகை (டைப் 2) நீரிழிவு இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் அது தானாக நடக்காது. டாக்டர் படிவம் நிரப்பி, திட்டத்தின் நாள்பட்ட நோய்ப் பிரிவில் உங்களைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால், அல்லது ஃபார்மசியில் சரியான நோய்க்குறியீடு போடாமல் பில் அடித்தால், ஸ்ட்ரிப் செலவு உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்விடும். இரண்டாம் வகைக்கான குறியீடு E11 என்று தொடங்கும், முதல் வகைக்கு E10. பில்லில் அது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், அப்புறம் ஆண்டு நடுவிலேயே சேமிப்பு தீர்ந்துவிட்டதே என்று தவிக்க வேண்டியிருக்காது.

இதன் குறை, தேர்வு உங்கள் கையில் இல்லை என்பது. திட்டம் ஒப்புக்கொண்ட பிராண்டின் ஸ்ட்ரிப்பைத்தான் முழுசாகக் கொடுப்பார்கள். வேறு பிராண்ட் வேண்டும் என்றால் மேல்தொகை கட்ட வேண்டும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் திட்டத்தை அழைத்து எந்த ஸ்ட்ரிப், மாதம் எத்தனை என்று கேளுங்கள், அதற்கேற்ற மீட்டரைப் பிறகு வாங்குங்கள். பல இடங்களில் மீட்டரைத் திட்டமே கொடுத்துவிடும். இன்சுலின் போடாதவர்களுக்கு எண்ணிக்கை குறைவாகவே ஒதுக்குவார்கள். கூடுதலாகத் தேவைப்பட்டால் டாக்டர் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மெடிக்கல் எய்ட் இல்லாமல் ஆர். கே. கான் போன்ற அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களும் கேட்கத் தயங்க வேண்டாம். இன்சுலினில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு. மற்றவர்கள் கிளினிக் போகும் நாளில் அங்கேயே பார்த்துக்கொண்டு, ஹெச்பிஏ1சி தவறாமல் எடுக்கிறார்களா என்பதில் கண்ணாக இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது.

ஊரிலிருந்து வரும் மீட்டர்

இந்தியாவில் ஸ்ட்ரிப் மலிவு என்பது உண்மை. ஆண்டுக்கு இரண்டு தடவை போய்வரும் குடும்பத்துக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நான் இதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன். காரணம் அலகு.

அங்கே வாங்கும் மீட்டர் மில்லிகிராமில் காட்டும். பெரும்பாலானவற்றில் அதை மாற்ற முடியாது, ஆலையிலேயே பூட்டி அனுப்புவார்கள். அம்மா நோட்டில் 162 என்று எழுதுவார். கிளினிக்கில் நர்ஸ் "ஒன்பதா, பத்தா?" என்று கேட்பார். இரவு இரண்டு மணிக்கு மயக்கமாக வரும்போது மருமகன் மீட்டரைப் பார்த்து 58 என்று படித்தால், அது 3.2 என்றும் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு மீட்டர் மில்லிகிராமிலும் இன்னொன்று மில்லிமோலிலும் இருப்பது இன்னும் ஆபத்து.

ஸ்ட்ரிப்பும் சிக்கல்தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் அங்கே விற்கும் மாடலின் ஸ்ட்ரிப் இங்கே கடையில் இல்லாமல் போகலாம். யாராவது ஊரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். மொத்தமாகக் கொண்டுவந்தால் காலாவதி. சென்னை வெயிலில் எந்தக் கடையில், எந்த அறையில் இருந்தது என்பதும் தெரியாது.

இது சரிப்படும் ஒரு நிலைமை உண்டு: ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று இருக்கும் பெற்றோர். அவர்களைப் பார்க்கும் டாக்டர் ஊரில்தான் இருக்கிறார் என்றால் அந்த மீட்டரையே வைத்துக்கொள்ளட்டும். 70, 126, 180 ஆகியவற்றின் மில்லிமோல் எண்களை ஒரு தாளில் எழுதி மீட்டர் பைக்குள் வைத்துவிடுங்கள்.

சென்சார்

மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் சின்ன வட்டு. தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கும். ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகை சென்சார் 14 நாள் வேலை செய்யும். எண் மட்டுமல்ல, ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறியும் காட்டும். இரவில் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்குபவர்களுக்கும், முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும் இதைப் போல உதவுவது வேறில்லை. பணம் இடம்கொடுத்தால் அவர்களுக்கு இரண்டாவது யோசனையே வேண்டாம் என்பேன்.

ஆனால் மீட்டர் செலவு போய்விடும் என்று நினைத்து வாங்காதீர்கள். சென்சார் எண் ரத்தத்தின் எண்ணுக்கு ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கியே வரும். சர்க்கரை வேகமாக மாறும்போதும், உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறொன்று சொல்லும்போதும், விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கையின்மேல் படுத்துத் தூங்கினால் இல்லாத தாழ்வைக் காட்டும். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுத்தால் சிலவற்றில் எண் உயர்ந்து தெரியும். எம்ஆர்ஐ எடுக்குமுன் பல சென்சார்களைக் கழற்ற வேண்டியிருக்கும், மிச்ச நாட்கள் வீண். டர்பன் வியர்வையில் பசை விட்டுப்போவதும் உண்டு, மேலே ஒட்டத் தனி பிளாஸ்டர் வாங்க வேண்டும். போனில் படிப்பவர்கள் மின்வெட்டு நாளில் போனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெடிக்கல் எய்டில் பெரும்பாலும் மேல்தட்டுத் திட்டங்களிலும், முதல் வகைக்கும்தான் இதற்கு இடம் கிடைக்கும். இரண்டாம் வகையில் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு ஒரு நடுவழி இருக்கிறது. டாக்டரோடு பேசி ஒரே ஒரு சென்சார் வாங்கி, 14 நாள் போட்டுப் பாருங்கள். கால் பன்னி சௌ (பிரெட்டைக் குடைந்து கறி நிரப்பியது) எவ்வளவு ஏற்றுகிறது, ரொட்டியும் பீன்ஸ் கறியும் எவ்வளவு, கல்யாண வீட்டுப் பிரியாணி எவ்வளவு நேரம் கழித்து ஏறுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். எண்ணெயும் நெய்யும் கூடிய சாப்பாட்டில் சர்க்கரை தாமதமாக ஏறும். இரண்டு மணி நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைத்தவருக்கு நான்காவது மணியில் உச்சம் வருவது இதில்தான் தெரியும்.

| | ஃபார்மசி மீட்டர் | மெடிக்கல் எய்ட் | ஊர் மீட்டர் | சென்சார் |
|---|---|---|---|---|
| தொடர் செலவு | ஸ்ட்ரிப் விலையைப் பொறுத்தது | பதிவு செய்தால் குறைவு | குறைவு, ஆனால் வீணாவது அதிகம் | மிக அதிகம் |
| ஸ்ட்ரிப் கிடைப்பது | எளிது | எளிது, எண்ணிக்கைக்கு வரம்பு | கடினம் | மீட்டரும் ஸ்ட்ரிப்பும் தனியாக வேண்டும் |
| அலகு | மில்லிமோல் | மில்லிமோல் | மில்லிகிராம் | இங்கே வாங்கினால் மில்லிமோல் |
| முதியவர் தனியாகக் கையாள | மாடலைப் பொறுத்தது | தேர்வு குறைவு | குழப்பம் | எளிது, போன் பழகியிருந்தால் |
| பொருந்துவது | பெரும்பாலான வீடுகள் | திட்டம் உள்ள எல்லாரும் | ஊரில் டாக்டர் உள்ளவர் | இன்சுலின், இரவுத் தாழ்வு, குழந்தைகள் |

முதல் வகை நீரிழிவு இருப்பவர்கள், கீட்டோனையும் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலப் பொருள்) தனி ஸ்ட்ரிப்பில் அளக்கும் மீட்டராகத் தேடுவது நல்லது. விரலைக் குத்தாமலேயே சர்க்கரை காட்டும் என்று இணையத்தில் விற்கும் கைக்கடிகாரம், மோதிரம் பக்கம் போகவே வேண்டாம். அப்படி எதையும் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

வாங்கியபின்

டிசம்பரில் மாம்பழமும் லிச்சியும் வீட்டில் நிறைந்திருக்கும். மாம்பழம் நறுக்கிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மீட்டரில் பார்த்த ஆயா ஒருவருக்கு 14.6 வந்தது. வீடே பதறியது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துப் பார்த்ததும் 7.8. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் பழச்சாறே அவ்வளவு செய்யும். ஸ்பிரிட் பஞ்சு அதைச் சரியாக எடுக்காது, தண்ணீரும் சோப்பும்தான். கை ஈரமாக இருந்தாலும் ரத்தம் நீர்த்து எண் குறையும். கையைத் தொங்கவிட்டு, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனியில் வேண்டாம். அழுத்திப் பிழியாதீர்கள். ஊசியை மாற்றுங்கள். குத்தும் பேனாவை வீட்டில் இன்னொருவரோடு பகிரவே கூடாது, அம்மாவும் மகளும் ஆனாலும் சரி. மஞ்சள் காமாலைக் கிருமி இப்படியும் பரவும். பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து கிளினிக்கில் கொடுங்கள்.

இங்கே பொதுவாகச் சொல்லும் இலக்கு, வெறும் வயிற்றில் 4லிருந்து 7, சாப்பிட்ட பின் 5லிருந்து 10. தனியாக வாழும் முதியவர்களுக்கு டாக்டர் இதைத் தளர்த்துவார். தளர்த்தினால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருப்பவருக்குப் பல மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

விரத நாட்களில் மீட்டர் இரட்டிப்பு முக்கியம். புரட்டாசி முழுக்கச் சைவம் என்றால் இறைச்சி போய் அரிசியும் உருளைக்கிழங்கும் தட்டில் கூடும். மாரியம்மன் கோயில் ஆடிக் கூழும் அப்படித்தான், மாவுச்சத்து நிறைந்தது. சர்க்கரை ஏறுவதை இரண்டு நாள் பார்த்தாலே தெரியும். தைப்பூசக் காவடியில் நிலைமை தலைகீழ்: வெறும் வயிறு, வெயில், மணிக்கணக்கில் நடை. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும், கூட வருபவர் பையில் மீட்டர் இருக்க வேண்டும். 4க்குக் கீழே போனால் விரதத்தைப் பார்க்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் பாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடந்தால் அன்றிரவே உள்ளங்காலை வேறொருவர் பார்த்துவிடட்டும்.

எந்த மீட்டரை வாங்கினாலும், அடுத்து ஆய்வகத்துக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்த அதே சில நிமிடங்களுக்குள் விரலில் குத்தி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வக முடிவு 8.0 என்றால் உங்கள் எண் 6.8க்கும் 9.2க்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியே போனால் புது டப்பா ஸ்ட்ரிப்போடு இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால் மீட்டரை பில்லோடு கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.